இரும்பும் காகிதமும்

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களில் ஒரு பகுதி, சுங்கத்தார் திறந்து பார்ப்பதற்காக ஒருகொடவத்தை முற்றத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே திறக்கப்படும் ஒரு பெட்டிக்குள் சீனாவில் செய்யப்பட்ட சிறிய வால்வு கிற்றார் அம்ப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 வாட், இரண்டு வால்வுகள், 8 அங்குல ஸ்பீக்கர், ஒரேயொரு திருகு. இப்படியான அம்ப்கள் கடந்த 20 ஆண்டுகளாக உலகெங்கும் விற்பனையாகின்றன. 2005இல் எபிபோன் வால்வு ஜூனியரும் 2006இல் 15 வாட் கொண்ட ஓரஞ்ச் டைனி டெரரும் இந்தச் சந்தையை விரித்துவிட்டன. வாங்குபவர் முதலில் செய்வது பின்பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பது. கம்பிகள் கையால் இணைக்கப்பட்டிருந்தால் முகம் மலர்கிறது. பச்சை நிறத்தில் அச்சிட்ட சுற்றுப் பலகை தெரிந்தால் சுருங்குகிறது. கையால் கட்டியது நல்ல கட்டுமானம், நல்ல கட்டுமானம் நல்ல நாதம் என்பது அவர் போடும் கணக்கு. இந்தக் கணக்கின் இரண்டு படிகளும் தனித்தனியே தவறு என்பதையே இந்த அத்தியாயம் காட்ட முயல்கிறது. நாதத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கண்ணில் படாத இரும்பும் யாரும் கவனிக்காத காகிதமும். கட்டுமானம் வேறொரு கேள்விக்கான விடை: இந்தப் பொருள் எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்ற கேள்விக்கு. அந்த விடையும் லண்டனில் ஒன்றாகவும் வெள்ளவத்தைக் கடற்கரையில் வேறொன்றாகவும் இருக்கிறது.

வால்வு கொழும்புக்குப் புதியதல்ல. 1924இல் எட்வர்ட் ஹார்ப்பர் இங்கே பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கியபோது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டே அலைபரப்பியை அமைத்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஒலிக்கத் தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகளாக வீட்டு மூலையில் இருந்த வானொலிப் பெட்டிகளில் பெரும்பாலானவை வால்வால் ஓடியவை. இன்றைய சிறிய கிற்றார் அம்ப்பின் உள்ளே இருப்பது அந்தப் பெட்டியின் பின்பாதிதான். அதன் வெளியீட்டு வால்வான ஈஎல்84, 1953 அளவில் ஐரோப்பிய வானொலிகளுக்கும் இசைத்தட்டுக் கருவிகளுக்கும் என்றே உருவாக்கப்பட்டது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் பிலிப்ஸின் துணையோடு வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியபோது அதன் மனதிலும் கிற்றார் இருந்திருக்க வாய்ப்பில்லை. கிளரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்குள் மின் கிற்றாரைக் கொண்டுவந்ததும், நித்தி கனகரத்தினத்தின் துள்ளிசை தமிழ் வீடுகளுக்குள் நுழைந்ததும் அதற்குப் பின்னர்தான். ஆக, கிற்றார்க்காரர் இன்று தேடி வாங்குவது, அவருடைய பாட்டனார் செய்தி கேட்ட தொழில்நுட்பத்தை.

அந்த வால்வின் பழைய தரவுத்தாளில் ஒரு வரி நம் வாதத்துக்கு அடித்தளம். அனோட்டில் 250 வோல்ட், 48 மில்லி அம்பியர் ஓட்டம், 5200 ஓம் சுமை, வெளியீடு 5.7 வாட், உருத்திரிபு 10 வீதம். வானொலிப் பொறியியலாளருக்கு அந்த 10 வீதம் தாண்டக்கூடாத கோடு. கிற்றார்க்காரருக்கோ ஆட்டம் தொடங்குவதே அங்கேதான். ஆனால் 5200 ஓம் சுமையை விரும்பும் வால்வு, 8 ஓம் ஸ்பீக்கரோடு நேரடியாகப் பேசமுடியாது. நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுதான் வெளியீட்டு நிலைமாற்றி: முதற்சுருளில் ஏறத்தாழ 25 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் ஒரு சுற்று என்ற விகிதத்தில், மெல்லிய இரும்புத் தகடுகளைச் சுற்றிய செம்புக் கம்பி. கிற்றாரின் மெல்லிய சைகையை முதலில் ஈசிசி83 என்ற இரட்டை வால்வு பெருக்குகிறது. இரண்டு கட்டங்களில் பெருகிய சைகை ஈஎல்84ஐ அடைந்து, நிலைமாற்றி வழியாகக் காகிதக் கூம்பை அசைக்கிறது. மொத்தப் பயணமும் இவ்வளவுதான். இதில் கம்பி கையால் இணைக்கப்பட்டதா, பலகையில் அச்சிடப்பட்டதா என்பது எங்கே நுழைகிறது?

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பலகையில் அருகருகே ஓடும் இரண்டு செப்புக் கோடுகளுக்கிடையே வேண்டாத கொள்ளளவம் உருவாகிறது. கையால் இழுத்த கம்பிகளுக்கிடையேயும் அப்படித்தான். இரண்டுக்குமான வித்தியாசம் 10 பிக்கோபரட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1 லட்சம் ஓம் தடையோடு சேர்ந்து அது ஒலியை வெட்டத் தொடங்கும் மீடிறன் ஏறத்தாழ 1,59,000 ஹேர்ட்ஸ். மனிதச் செவி 20,000க்கு மேல் எதையும் கேட்பதில்லை. கிற்றார் ஸ்பீக்கரோ 5,000ஐத் தாண்டியதும் படுத்துவிடுகிறது. ஈசிசி83இன் அனோட்டுக்கும் சைகை நுழையும் நெய்யரிக்கும் இடையே வால்வுக்குள்ளேயே இருக்கும் சிறு கொள்ளளவம், பெருக்கத்தின் காரணமாக 100 பிக்கோபரட்போல் நடந்துகொள்கிறது. கிற்றாரிலிருந்து அம்ப்புக்கு வரும் கேபிளில் மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட் இருக்கும். 6 மீற்றர் கேபிள் என்றால் 600. பலகையைப் பார்த்து முகம் சுருக்கியவர், தன் காலடியில் சுருண்டு கிடக்கும் கேபிள் அதைவிட 60 மடங்கு வேலை செய்கிறது என்பதை யோசிப்பதில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், அது மதிக்கத்தக்கதும்கூட. ஒரே மொடலின் கையால் கட்டிய பதிப்பையும் பலகைப் பதிப்பையும் அருகருகே வைத்துக் கேட்டோம், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது என்பார்கள். தெரிந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பதிப்புகளுக்கும் இடையே மாறியது கம்பி மட்டும்தானா? விலை கூடிய பதிப்பில் வழக்கமாக வேறு ஸ்பீக்கர், வேறு நிலைமாற்றி, சில வேளைகளில் வேறு மரப்பெட்டியும் இருக்கும். அவை எதுவும் மாறாவிட்டாலும், 10 வீதம் வரை ஏறி இறங்கும் தடையிகளும் ஒன்றைப்போல் ஒன்று இராத வால்வுகளும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு அம்ப்களையே வேறாக ஒலிக்கச் செய்யப் போதும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும்: எந்தக் கம்பி எந்த வழியாகப் போகிறது என்பது இரைச்சலையும் வேண்டாத ஊளையையும் தீர்மானிக்கும். இங்கும் கையா, அச்சா என்பது அல்ல, வடிவமைத்தவரின் சிந்தனையே பேசுகிறது. வால்வு ஜூனியரின் முதற்பதிப்பில் மின் உறுமல் கூடுதல் என்ற குறை பரவலாக எழுந்தது. வால்வின் இழையைச் சூடாக்க ஆடலோட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். பிந்திய பதிப்பில் அதை நேரோட்டமாக மாற்றினார்கள். குறையும் பலகையில்தான் இருந்தது, தீர்வும் பலகையிலேயே கிடைத்தது.

இனி இரும்புக்கு வருவோம். ஒற்றை வால்வு அம்ப்பில் வெளியீட்டு நிலைமாற்றிக்கு ஒரு சாபம் உண்டு. வால்வின் 48 மில்லி அம்பியர் நேரோட்டம் முழுவதும் எந்நேரமும் அதன் முதற்சுருள் வழியாகவே போகிறது. இரும்பு அதனாலேயே காந்தமாகி நிரம்பிவிடாமலிருக்க, தகடுகளுக்கிடையே சிறு காற்றிடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளி தூண்டற்றிறனைக் குறைக்கிறது. தூண்டற்றிறன் குறைந்தால் கீழ்ச்சுரங்கள் நழுவுகின்றன. கணக்கு இப்படி: 5200 ஓம் சுமையும் வால்வின் உட்தடையான ஏறத்தாழ 38,000 ஓமும் சமாந்தரமாகச் சேர்ந்தால் 4,600 ஓமுக்குச் சற்றுக் குறைவு. முதற்சுருளின் தூண்டற்றிறன் 5 ஹென்றியாக இருந்தால், சுமார் 145 ஹேர்ட்ஸில் வலு பாதியாகிவிடும். கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. அதன் அடிச்சுரம் ஸ்பீக்கரை எட்டுமுன்பே தேய்ந்துவிடுகிறது. 10 ஹென்றி என்றால் எல்லை 73க்கு இறங்கி அடிச்சுரம் தப்பிக்கும். ஆனால் 10 ஹென்றிக்குக் கூடுதல் இரும்பும் கூடுதல் செம்பும் வேண்டும். இரண்டும் நிறை, கொள்கலன் கூலி முதற்கொண்டு நிறை என்பது காசு. தயாரிப்பாளர் சிக்கனம் பிடிக்க நினைத்தால், வாங்குபவர் பார்த்து ரசிக்கும் இடத்தில் பிடிக்கமாட்டார். சாம்பல் நிறத் தகட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும் இரும்பில்தான் பிடிப்பார். கட்டுமானம் உண்மையிலேயே நாதமாக மாறும் இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். விளம்பரப் படங்களில் இது வருவதே இல்லை.

காகிதத்தின் பங்கு இதைவிடப் பெரிது. 1 வாட்டில் 1 மீற்றர் தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் 90 டெசிபல் தருகிறது, இன்னொன்று 100 தருகிறது என்றால் இரண்டாவதைக் கேட்பவர் செவி ஏறத்தாழ இருமடங்கு உரப்பு என்று சொல்லும். அந்த 10 டெசிபலை வலுவால் ஈடுசெய்ய 10 மடங்கு வாட் வேண்டும். அதாவது 100 டெசிபல் ஸ்பீக்கரோடு 5 வாட் அம்ப், 90 டெசிபல் ஸ்பீக்கரோடு 50 வாட் அம்ப்புக்குச் சமன். செலெஸ்ரியனின் நீல நிற அல்நிக்கோ ஸ்பீக்கர் போன்றவை அந்த 100ஐத் தொடுகின்றன. 5 வாட்டிலிருந்து 15 வாட்டுக்குப் போவதில் கிடைப்பதோ 5 டெசிபலுக்கும் குறைவு. பெட்டியின் அளவும் சும்மா இருப்பதில்லை. பின்பக்கம் திறந்த சிறு பெட்டியில், கூம்பின் முன்னே தள்ளப்படும் காற்றும் பின்னே இழுக்கப்படும் காற்றும் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 82 ஹேர்ட்ஸின் அலைநீளம் 4 மீற்றருக்கு மேல். 35 சென்ரிமீற்றர் பெட்டி அதற்கு ஒரு தடையே அல்ல. சிறிய அம்ப் பற்றி எல்லாரும் சொல்லும் தகரப்பெட்டிச் சத்தம் இங்கே பிறக்கிறது. வால்வை மாற்றி, கொள்ளளவியை மாற்றி, திருகுகளை மாற்றி அதைப் போக்க முயல்வது, பானையில் ஓட்டை இருக்கும்போது தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசுவது போல. அதே அம்ப்பின் வெளியீட்டை ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் செருகிக் கேட்டால் விஷயம் அரை நிமிடத்தில் விளங்கும்.

அப்படியானால் வால்வுக்குப் பங்கே இல்லையா, திரான்சிஸ்டரும் இதைச் செய்யாதா என்பது அடுத்த மறுப்பு. 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்டீரியோபைல் சஞ்சிகைக்குச் சவால் விட்டு, தன் திரான்சிஸ்டர் பெருக்கி ஒன்றை விலையுயர்ந்த வால்வுப் பெருக்கி ஒன்றைப்போல் ஒலிக்கச் செய்தார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் அடங்கும்வரை திருத்திக்கொண்டே போனார். சஞ்சிகைக்காரர்களால் பின்னர் பிரித்தறிய முடியவில்லை. வால்வுப் பெருக்கியின் உள்தடை அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் தடை ஏறும் மீடிறன்களில் அதன் ஒலியும் ஏறும். இது வால்வின் மாயமல்ல; பெருக்கியும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஒரே உடம்பின் அசைவு. ஆனால் இந்தச் சான்றை அப்படியே கிற்றாருக்கு ஏற்றிவிடக்கூடாது. கார்வர் ஒப்பிட்டது உருத்திரிபைத் தவிர்க்கும் கருவிகளை. கிற்றார் அம்ப் அதைத் தேடிப்போகும் கருவி. 1973இல் ரசல் ஹாம் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, அளவுக்கு மீறி ஓட்டும்போதுதான் வால்வும் திரான்சிஸ்டரும் பிரிகின்றன என்று வாதிட்டது. அதிலிருந்து கிளைத்ததே, வால்வு இரட்டை மேற்றொனிகளைத் தருவதால் இனிக்கிறது என்ற வாய்ப்பாடு. ஒற்றை வால்வு அம்ப்பில் இதில் உண்மை உண்டு: அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரேமாதிரி நசுங்குவதில்லை, அதனால் ஒரு ஸ்தாயி மேலே இரண்டாம் மேற்றொனி கலக்கிறது. ஆனால் வொக்ஸ் ஏசி30இல் நான்கு ஈஎல்84கள் தள்ளும் இழுக்கும் சோடிகளாக வேலை செய்கின்றன. அந்த அமைப்பு வெளியீட்டுக் கட்டத்தின் இரட்டை மேற்றொனிகளைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. ஏசி30இல் வால்வு நாதம் இல்லை என்று சொன்னவர் எவருமில்லை. எனவே அந்த வாய்ப்பாடு முழு விளக்கமாகாது. நசுங்கல் மெல்ல மெல்லத் தொடங்குவதும், நெய்யரிக்குள் ஓட்டம் பாய்ந்து வால்வின் நிலையே சற்று நகர்ந்துவிடுவதும் சேர்ந்தே அந்த நாதம். இவை சுற்றின் பெறுமானங்களைப் பொறுத்தவை. கம்பி இணைத்த கையைப் பொறுத்தவை அல்ல.

(இன்னொரு வாய்ப்பாட்டையும் இங்கேயே கழித்துவிடலாம். ஓங்கி அடித்தால் மின்வழங்கி தொய்ந்து, சுரம் அழுந்தி எழும்பும் என்பார்கள். பெரிய தள்ளு-இழு அம்ப்களுக்கு அது சரி. 5 வாட் ஒற்றை வால்வு அம்ப் சும்மா இருக்கும்போதும் ஓங்கி ஒலிக்கும்போதும் ஏறத்தாழ ஒரே ஓட்டத்தையே இழுக்கிறது. தொய்வதற்கு அங்கே அதிகம் இல்லை.)

இப்போது கட்டுமானத்தை அதற்குரிய இடத்தில் வைத்துப் பேசலாம். அந்த இடம் கொழும்பு. ஈஎல்84 ஒன்றின் அனோட்டு 12 வாட்டும் இழை 4.8 வாட்டும் வெப்பமாக்குகின்றன: 5 வாட் சத்தத்துக்காக ஏறத்தாழ 17 வாட் அடுப்பு. மின்பகு கொள்ளளவிகளின் ஆயுள் 10 பாகை வெப்பத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. 20 பாகை லண்டன் அறையில் இருக்கும் அம்ப்பைவிட 30 பாகை கொட்டாஞ்சேனை அறையில் இருப்பது, அந்த விதிப்படி, கொள்ளளவி ஆயுளில் பாதியை வாசலிலேயே இழந்துவிடுகிறது. 85 பாகைக்கு வகுத்ததற்குப் பதில் 105 பாகைக்கு வகுத்த கொள்ளளவியைப் போட்டிருந்தால் ஆயுள் நான்கு மடங்கு. விலை வித்தியாசமோ சொற்பம். கையால் கட்டிய அம்ப்பா என்று கேட்பவர் இந்த எண்ணைக் கேட்டுப் பார்த்திருக்கவேண்டும். அது கொள்ளளவியின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

ஈரம் இன்னும் சுவாரசியமான கதை. 1950கள், 60களின் பெண்டர் அம்ப்கள் கையால் கட்டியவை என்று போற்றப்படுகின்றன. அவற்றின் பாகங்கள் மெழுகூட்டிய கறுப்பு நார்ப்பலகையில் பொருத்தப்பட்டிருந்தன. காலம் செல்லச் செல்ல அந்தப் பலகை ஈரத்தை உறிஞ்சி மெல்லிய கடத்தியாகிவிடுகிறது. 300 வோல்ட் அதனூடே கசிந்து நெய்யரியை எட்டினால் படபடப்பும் நிலையற்ற ஒலியும் வரும். காற்றில் எந்நாளும் நீராவி நிறைந்திருக்கும் களனி கங்கைக் கரையோரத்தில், பழமைக்கு மரியாதை என்று அதே நார்ப்பலகையைப் போட்டுக் கட்டும் புதிய அம்ப், இரட்டைப் பக்கம் ஈயம் பிடிக்கும் கண்ணாடி நார் எபொக்சிப் பலகையில் அச்சிட்ட மலிவு அம்ப்பைவிடச் சீக்கிரம் நோயாளியாகலாம். ஆக, கையால் கட்டியது எல்லாம் நல்ல கட்டுமானம் என்ற படியும் இங்கே சரிகிறது. வெள்ளவத்தையில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே முதலில் சாவது வால்வு அல்ல, முலாம் மெல்லிய ஜாக்கும் வால்வுத் தாங்கியின் பற்களும்.

பலகைக்கு இது நற்சான்றிதழ் அல்ல. வால்வுத் தாங்கியை நேரே பலகையில் ஈயம் வைத்து ஒட்டிவிடும் வழக்கம், செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த வழிகளில் மிக மோசமானது. ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறும்போது தாங்கியின் கால்கள் நீண்டு சுருங்குகின்றன. ஒருபக்கம் மட்டும் செம்பு பூசிய மலிவான பழுப்புப் பலகையில் ஈயம் வட்டமாக விரிசல் விடும். ஜாக்கும் அப்படித்தான்: கேபிளில் யாரோ கால் தடுக்கினால் பலகையே பிளக்கும். தாங்கிகளையும் ஜாக்கையும் உலோகச் சட்டத்தில் திருகி, அங்கிருந்து கம்பியால் பலகைக்கு இணைத்திருந்தால் இந்த இரண்டு மரணமும் இல்லை. மின்வழங்கலுக்கும் சமாதானம் சொல்லவேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், மேலும் கீழும் 6 வீதம் அனுமதி; மேலெல்லை 244. 220 வோல்ட்டுக்கு மட்டும் சுற்றிய நிலைமாற்றியில் அது 6.3 வோல்ட் இழையை 7ஐத் தொடவைக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து வரும் 60 ஹேர்ட்ஸ் நிலைமாற்றியை இறக்கும் நிலைமாற்றி வைத்து 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால், இரும்புக்குள் காந்தப்பாயம் 20 வீதம் ஏறி, அது கைவைக்க முடியாத சூட்டுக்குப் போகக்கூடும்.

கையால் கட்டியதற்கு மிஞ்சும் உண்மையான வாதம் பழுதுபார்ப்பு. ஒவ்வொரு பாகமும் தனித்து நிற்பதால், ஈயக்கோலும் பன்மானியும் உள்ள எவரும் அதைத் திருத்தலாம். பலகை அம்ப்பில் ஒரு தடையியை மாற்ற எல்லாத் திருகுகளையும் கழற்றிப் பலகையைத் தூக்கவேண்டியிருக்கும். 2020க்குப் பின் சில ஆண்டுகள் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்டில் இது சிறிய விஷயமல்ல. தடையியும் கொள்ளளவியும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். வால்வு அப்படியல்ல. உலகின் கிற்றார் வால்வுகளில் பெரும்பங்கு ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரத்தோவ் ஆலை, சீன ஆலைகள் ஆகிய மூன்று மூலைகளிலிருந்தே வருகிறது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது உலகம் முழுக்க விலை துள்ளியது. நார்ப்பலகையானாலும் எபொக்சியானாலும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே வரிசையில்தான் காத்திருந்தன.

ஒருகொடவத்தை முற்றத்தில் சுங்க அலுவலர் பெட்டியை வெட்டித் திறக்குமுன்பே, அட்டையின் பக்கவாட்டில் மொத்த நிறை, தேறிய நிறை என்று இரண்டு எண்கள் கறுப்பு மையில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் இரும்பைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் ஒரே தகவல் அதுதான். அதிலும் ஸ்பீக்கர் காந்தத்தின் நிறையும் மரத்தூள் அட்டைப் பெட்டியின் நிறையும் கலந்திருக்கிறது.